கை கீழ: உடல், மெய்ப்பாடு, ஒழுங்கு

1

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு போகிற பஸ்ஸில் என் அக்கா மகன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பதினோரு வயது. அவனிடம் பத்திருபது சொற்கள் உண்டு. அவையும் வேண்டிய நேரத்தில் வாய்க்கு வராது. ஜவ்வாது மலை ஏறத் தொடங்கி முதல் வளைவில் வண்டி திரும்பியதும் அவன் கைகள் தோளுயரத்துக்கு எழுந்து உதறத் தொடங்கின. கை கழுவிவிட்டுத் தண்ணீரை உதறுவோமே, அப்படி. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. தொண்டையிலிருந்து ஒரே சுருதியில் ஒரு 'ம்ம்ம்'.

முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, "இன்னாப்பா ஆச்சு புள்ளைக்கு? காத்து கருப்பு எதனா அண்டிச்சா?" என்றார். பக்கத்திலிருந்தவர், "ஃபிட்ஸ் போலக்குது, கையில சாவி குடு" என்றார். நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மடியில் அழுத்தி, "கை கீழ, கை கீழ" என்றேன்.

பேய், நோய், ஒழுங்கீனம். ஒரே உடலசைவுக்கு மூன்று வாசிப்புகள் ஒரு நிமிஷத்துக்குள் கிடைத்துவிட்டன. மூன்றில் என்னுடையதுதான் 'நவீன'மானது. அதை நான் ஒரு பயிற்சி மையத்தில் கற்றுக்கொண்டேன். வாரத்துக்கு எத்தனை முறை கை உதறினான் என்று குறிக்க அங்கே ஒரு நோட்டு கொடுத்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் முன்னேற்றம். உதறும்போது அவனுக்கு எப்படி இருக்கிறது என்று எழுத அந்த நோட்டில் கட்டம் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இல்லாத கட்டத்தைப் பற்றியது.

2

ஆட்டிசம் உள்ளவர்களின் இவ்வகை அசைவுகளை ஆங்கிலத்தில் 'ஸ்டிமிங்' என்கிறார்கள். 'தன்தூண்டல் நடத்தை' என்ற நடத்தையியல் கலைச்சொல்லின் சுருக்கம். கண்காணித்தவர்கள் வைத்த பெயரைக் கண்காணிக்கப்பட்டவர்கள் சுருக்கி, எடுத்து, தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இழிசொல்லை அரசியல் சொல்லாக்கிய வரலாறு நமக்குப் புதிதல்ல.

அவர்கள் என்ன சொல்கிறார்கள்? இந்தியாவில் பிறந்து மைசூரிலும் பெங்களூரிலும் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் எழுதிய 'பியாண்ட் த சைலன்ஸ்' 2000இல் லண்டனில் வெளிவந்தது. எட்டு வயதிலிருந்து பதினோரு வயதுக்குள் எழுதியது. தன்னையே 'அந்தப் பையன்' என்று படர்க்கையில் வைத்துப் பேசுகிற நூல். அதில் ஒரு மின்விசிறி வருகிறது. நின்றிருக்கும்போது தனித்தனியாக இருக்கும் இறக்கைகள் சுழலும்போது ஒரே வட்டமாகின்றன. பையனுக்குத் தன் உடல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. விசிறியைப் பார்த்துத் தானும் சுழல்கிறான், சிதறியது ஒன்றுசேரட்டும் என்று. நம் வீடுகளில் எத்தனை குழந்தைகள் தலைக்கு மேலே விசிறியைப் பார்த்தபடி நிற்கின்றன! 'சும்மா பாத்துனு நிக்கிது' என்கிறோம்.

இங்கே ஒரு சர்ச்சையை மறைக்கக் கூடாது. டிட்டோவுக்கு அவருடைய அம்மா சோமா எழுத்துப் பலகை வைத்துக் கற்பித்த முறை, பிற்பாடு மற்றக் குழந்தைகளுக்கும் பரவியபோது, 'எழுதுவது குழந்தையா, பலகை பிடிப்பவரா' என்ற கேள்வியைக் கிளப்பியது. 2018இல் அமெரிக்கப் பேச்சு - கேட்பியல் சங்கம் அம்முறையைப் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்தது. டிட்டோ தன் கையாலும் எழுதுகிறவர். ஆனாலும் ஒரு சாட்சியத்தை மட்டும் நம்பி நான் பேசவில்லை.

வாயால் பேசுகிற, யார் துணையும் இல்லாமல் எழுதுகிறவர்களும் இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள். டெம்பிள் கிராண்டின் சிறுவயதில் மணலை விரலிடுக்கில் வழியவிட்டு உட்கார்ந்திருந்ததை எழுதியிருக்கிறார்; ஒவ்வொரு மணலையும் பார்த்திருக்கையில் வெளிச்சத்தம் அடங்கிவிடும். ஸ்டீவன் காப்பும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் வளர்ந்த ஆட்டிசக்காரர்களிடமே நேரில் கேட்டிருக்கிறார்கள். உள்ளே மிகுந்துபோன உணர்ச்சியையும் எண்ணத்தையும் சமாளிக்கவும் வெளிப்படுத்தவும் இதுவே வழி என்கிறார்கள். இதை ஒழிப்பதே நோக்கமான சிகிச்சையை எதிர்க்கிறார்கள். ஊர் பார்க்கிறதே என்று அடக்கிக்கொள்வதையும் சொல்கிறார்கள்.

உந்துதல் எப்படிப்பட்டது என்பதற்குப் பலர் கையாளும் உவமை தும்மல். வருவது தெரியும். ஏறும். அடக்கலாம், ஆனால் அடக்குகிற வேலையைத் தவிர வேறு எதையும் செய்ய முடியாது. வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் பிள்ளை பாடம் கவனிக்கிறது என்று வாத்தியார் நினைக்கிறார். அது தன் கையைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறது. உவமைக்கும் எல்லை உண்டு. தும்மலில் சந்தோஷம் இல்லை; இதில் உண்டு. தாங்க முடியாத சத்தத்திலும் கை உதறும், தாங்க முடியாத மகிழ்ச்சியிலும் உதறும்.

3

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் நினைவு வரும். பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் தோன்றும், பார்ப்பவருக்கு அது விளங்கும் என்பது அதன் அடிப்படை. உடல் இங்கே ஒரு பொதுப் பிரதி. வாசகனுக்கும் பிரதிக்கும் நடுவே ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அழுதால் துயரம், சிரித்தால் மகிழ்ச்சி.

என் அக்கா மகனின் கை இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. உவகைக்கும் அச்சத்துக்கும் அதே அசைவு. வாசிக்க முடியாத உடலை என்ன செய்வது? அர்த்தமற்றது என்று சொல்லிவிடலாம். மருத்துவம் அதைத்தான் சொன்னது: 'நோக்கமற்ற அசைவு'. யாருடைய நோக்கம் என்று கேட்கவில்லை. மெல் பேக்ஸ் 2007இல் எடுத்த 'இன் மை லாங்குவேஜ்' என்ற சிறு படத்தை நம் விமரிசகர்கள் பார்க்க வேண்டும். முதல் பாதியில் பேக்ஸ் ஆடுகிறார், முனகுகிறார், குழாய் நீரில் விரலை வைக்கிறார். இரண்டாம் பாதியில் கணினிக் குரலில் ஒரு 'மொழிபெயர்ப்பு'. ஆனால் தண்ணீர் எதற்கும் குறியீடு அல்ல என்கிறது அந்தக் குரல். தன்னைச் சுற்றியுள்ளவற்றோடு இடைவிடாமல் நடக்கும் உரையாடலாம் அது. குறிப்பான், குறியீடு என்று பழகிய நமக்கு இது பெரிய அடி. கேட்பவர் இல்லாத மொழி மொழியில்லையா?

தமிழ் என்ன பெயர் வைத்தது? 'மன இறுக்கம்', 'மதி இறுக்கம்' என்றார்கள். அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. அகம் - புறம் என்று உலகைப் பிரித்த மரபு, ஒரு பிள்ளையைப் பார்த்து 'இவனுக்குப் புறமே இல்லை' என்று தீர்ப்பு எழுதிவிட்டது. நடப்பதோ நேரெதிர். ட்யூப்லைட்டின் ரீங்காரம், மிக்ஸி, கூழ் ஊற்றும் திருவிழாவின் பம்பை, கல்யாண மண்டபத்து மைக்: எல்லாப் புறமும் தடுப்பே இல்லாமல் உள்ளே கொட்டுகிறது. கை உதறல் அந்த வெள்ளத்தில் அவன் போட்டுக்கொள்ளும் கரை. புறம் மிகுந்துபோனவனைப் புறமற்றவன் என்று அழைப்பது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையல்ல. பேச அழைக்கத் தேவையில்லை என்ற முடிவும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

4

ஃபூக்கோ 1975இல் எழுதிய 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் பள்ளி, ராணுவ முகாம், பட்டறை ஆகியவை பணிந்த உடல்களை எப்படி உற்பத்தி செய்கின்றன என்று காட்டினார். அதே காலத்தின் அமெரிக்காவைப் பாருங்கள். 1965இல் 'லைஃப்' பத்திரிகை ஐவார் லோவாஸின் கலிஃபோர்னியா ஆய்வுக்கூடத்தைப் படங்களோடு வெளியிட்டது. ஆட்டிசக் குழந்தைகளுக்கு அறை, அதட்டல், மின்னதிர்ச்சி. ஒழுங்காக நடந்தால் தின்பண்டம். இன்று அந்தக் கொடுமை பெருமளவு குறைந்துவிட்டது, இலக்கு மாறவில்லை. ஜூலியா பாஸ்கம் 2011இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'அமைதியான கைகள்'. வகுப்பறையில் அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை அது. திருப்பத்தூரில் என் வாயில் அது 'கை கீழ'.

இங்கே தோழர்கள் கேட்கக்கூடும்: இதிலென்ன வர்க்க அரசியல்? என் அம்மா முப்பது வருஷம் பீடி சுற்றியவள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் முறம், ஓயாத விரல். விட்டு ஆறேழு வருஷமாகிறது. டீவி பார்க்கும்போது இன்றும் அவள் கட்டைவிரல் தானாகச் சுருட்டிக்கொண்டே இருக்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனிப் பெண்கள் ஒரே தையலை நாள் முழுக்கத் தைக்கிறார்கள். இந்தத் திரும்பத் திரும்பச் செய்தலுக்கு 'வேலை' என்று பெயர். ஆடி மாதம் சாமி வந்து ஆடினால் மஞ்சள் தண்ணி ஊற்றி வணங்குகிறோம். அதற்கும் காலமும் இடமும் அனுமதியும் உண்டு. உபரி தராத, சாமிக்கும் சேராத திரும்பச்செய்தல் மட்டுமே 'அறிகுறி'. உழைக்கும் உடல் எது என்று தீர்மானிக்கிற அதிகாரம்தான் பைத்தியம் எது என்றும் தீர்மானிக்கிறது.

தமிழ் சினிமாவுக்கு வருவோம். ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கிய 'ஹரிதாஸ்' (2013) ஆட்டிசப் பையனை அக்கறையோடு காட்டிய படம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையனின் உடலுக்கு மரியாதை கிடைக்க அவன் ஓட வேண்டியிருக்கிறது. சுற்றிச் சுற்றி வரும் உடலை நேர்க்கோட்டில் இழுத்து, பந்தயமாக்கி, கைதட்டலுக்குள் கொண்டுவந்த பிறகே நாம் அழுகிறோம். ஓடாத பிள்ளைக்கு யார் அழுவது?

சட்டம் வந்துவிட்டது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் இருக்கிறது. சான்றிதழுக்கு 'இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல்': நாற்பது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒரேமாதிரியான உடலசைவு அவற்றில் ஒன்று. சான்றிதழ் வாங்கக் கை உதற வேண்டும். பள்ளியில் சேரக் கை உதறக்கூடாது. என் அக்கா இரண்டு இடத்துக்கும் ஒரே வாரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

5

இதையெல்லாம் நான் வெளியிலிருந்து எழுதவில்லை. போன தை மாதம் உறவுக்காரர் கல்யாணம். மண்டபத்தில் இரண்டு மணி நேரம் அவன் கையை என் கைக்குள் வைத்திருந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "இப்ப எவ்ளோ தேவலாமா இருக்கான்" என்று பெரியம்மா சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அவன் சுவரில் தலையை மோதினான். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான், நான் பிடித்திருந்த அதே இடத்தில். அக்கா என்னைத் திட்டவில்லை. "அவன் எறக்கி வெக்க எடமில்லாம தூக்கிகினு வந்துட்டான்டா" என்றாள். நான் படித்த எந்தக் கோட்பாட்டு நூலையும்விட அந்த வாக்கியம் தெளிவாக இருந்தது.

தலையை மோதுவதையும் கொண்டாடச் சொல்கிறேனா? இல்லை. ரத்தம் வருகிற இடத்தில் தலையணை வைக்க வேண்டும், வலியா பசியா சத்தமா என்று தேட வேண்டும், காயமில்லாத வேறு அசைவைக் கைக்குக் கொடுக்க வேண்டும். 'எல்லாமே பன்மைத்துவம்' என்று எழுதிவிட்டுப் போவது எழுதுகிறவனுக்குச் சௌகரியம். ராத்திரி விழித்திருப்பது அக்கா. ஆனால் யாருக்கும் காயம் தராத உதறலை நிறுத்துவது யாருக்காக என்ற கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது: எனக்காக. ஊர்ப் பார்வை என்மேல் விழாமல் இருப்பதற்காக.

நம்மில் பலர் பெண்ணுடல், தலித் உடல் என்று விரிவாக எழுதியிருக்கிறோம். நம்முடைய கூட்டங்களில் ஒரு பிள்ளை சத்தம் போட்டு ஆடினால், தாயைத்தான் பிள்ளையோடு வெளியே போகச் சொல்கிறோம். அடுத்த கூட்டத்தில் கொஞ்சம் மைக்கைக் குறைக்கலாம். ஒரு மூலையில் வெளிச்சம் குறைந்த இடம் விடலாம். இதற்குக் கோட்பாடுகூட வேண்டாம்.

மலையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. வளைவுகளில் உதறினான், ஆடினான், அந்த 'ம்ம்ம்' வந்தது. சாமை மூட்டையோடு ஏறிய ஒரு பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா பண்றான்?" என்று கேட்டார். "தெரியல பாட்டி, அவனுக்கு இது வேணும்" என்றேன். "சரி, ஆடட்டும்" என்று மூட்டையை நகர்த்தி அவன் முழங்காலுக்கு இடம் விட்டார்.