கப்பலோடு தரைதட்டும் கேப்டன்

2013 ஜனவரி 17. விடிய இன்னும் சில மணி நேரம் இருந்தது. பிலிப்பைன்ஸின் சுலு கடலில், துப்பத்தாஹா பவளப்பாறைமேல் அமெரிக்கக் கடற்படையின் 'கார்டியன்' ஏறி நின்றது. கண்ணிவெடி அகற்றும் கப்பல் அது. காந்தக் கண்ணிகளுக்குச் சிக்காமலிருக்க, உடலை மரத்தால் கட்டிக் கண்ணாடியிழை போர்த்தியிருந்தார்கள். வந்த அலையெல்லாம் அந்த மர உடலைத் தூக்கித் தூக்கிப் பாறைமேல் போட்டன. அடிப்பாகம் உடைந்து தண்ணீர் புகுந்தது. கப்பலிலிருந்த 79 பேரும் பிழைத்தார்கள். கப்பலை முழுதாக மீட்க முடியாமல் துண்டு துண்டாக அறுத்து எடுத்துப்போனார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள அந்தப் பவளத்திட்டில் 2,300 சதுர மீட்டருக்கு மேல் பாழானது. ஏப்ரலில் கேப்டனும் மேலும் மூவரும் பதவி நீக்கப்பட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கப்பல் நம்பிச் சென்ற மின்னணு வரைபடமே பாறையை ஏறத்தாழ 8 கடல் மைல் தள்ளிக் காட்டியிருந்தது. அதைத் தயாரித்தது அமெரிக்க அரசின் நிறுவனம். அப்படியானால் கேப்டனைத் தண்டித்தது அநியாயமா? நான் அப்படி நினைக்கவில்லை. கையிலிருந்த இன்னொரு வரைபடம் பாறையைச் சரியான இடத்தில் காட்டியது. பாறையில் கலங்கரை விளக்கமும் உண்டு. இரண்டு வரைபடங்கள் முரண்பட்டால் ஆபத்தான பக்கத்தை நம்பி ஒதுங்கிப் போவதுதான் கடலோடியின் புத்தி. அதைச் செய்யாததற்குக் கப்பலின் தலைவர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கப்பல் தரைதட்டினால் கேப்டன் பொறுப்பு என்பது உலகக் கடற்படைகளில் வேரூன்றிய வழக்கம். அந்த நேரத்தில் அவர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பொறுப்பு அவருடையதே. நம் நாட்டிலும் 2014 ஜனவரியில் ஐஎன்எஸ் ஐராவத் விசாகப்பட்டினம் அருகே தரைதட்டியபோது அதன் கேப்டன் பதவி இழந்தார். கரையிலிருந்து பார்த்தால் கொடுமையாகத் தெரியலாம். ஆனால் நடுக்கடலில் நூற்றுக்கணக்கானோர் உயிர் ஒருவர் சொல்லில் தொங்கும்போது, பொறுப்பைப் பங்கு போட்டுத் தட்டிக்கழிக்க இடம் கொடுத்தால் இரவில் விழித்திருக்க ஆளிருக்காது.

1923 செப்டம்பர் 8 இரவில் நடந்தது இந்த வழக்கத்தின் நியாயத்தைக் காட்டுகிறது. கலிபோர்னியாவின் ஹோண்டா முனையில், மூடுபனியில், 20 நாட் வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வந்த அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் ஏழு பாறையில் மோதி அழிந்தன. 23 மாலுமிகள் இறந்தார்கள். கரையிலிருந்து வானொலி வழியே வந்த இடக்குறிப்பை நம்பாமல், தங்கள் கணக்கை நம்பித் திரும்பியதே காரணம். படைப்பிரிவின் தலைவர் எட்வர்ட் வாட்சன் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். ராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. முன்னால் போனவரைக் கண்ணை மூடிப் பின்தொடர்ந்த கேப்டன்களையும் விசாரணை சும்மா விடவில்லை. அது சரியென்றே எனக்குப் படுகிறது. தலைவன் போகிற வழி பிழையென்று சந்தேகம் வந்தால் தன் கப்பலை நிறுத்தும் கடமை அவனவனுக்கு உண்டு.

கேப்டன் போனதும் கோப்பை மூடிவிடுகிறார்களே, அங்கேதான் என் மனம் ஒப்பவில்லை. 2017 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யோகோசுகா அருகே 'ஆன்டீட்டம்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் நங்கூரம் இழுபட்டுத் தரைதட்டியது. உந்துவிசிறிகள் சேதமடைந்து கடலில் எண்ணெய் கலந்தது. சில வாரங்களில் கேப்டன் நீக்கப்பட்டார். அதே யோகோசுகாவைத் தளமாகக் கொண்ட 'ஃபிட்ஸ்ஜெரால்ட்' ஜூனிலும், 'ஜான் எஸ். மெக்கெய்ன்' ஆகஸ்டிலும் வணிகக் கப்பல்களோடு மோதின. முதலாவதில் 7 பேர், இரண்டாவதில் 10 பேர், பெரும்பாலும் இளைஞர்கள், இறந்தார்கள். அதன் பிறகுதான் எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஜப்பானில் நின்ற போர்க்கப்பல்களின் பயிற்சிச் சான்றுகளில் 37 சதவீதம் காலாவதியாகியிருந்தன. மாலுமிகள் வாரத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள். பயிற்சிக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2015லேயே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையை ஜனவரியில் யாராவது எடுத்துப் படித்திருந்தால்? ஒரு கேப்டனை வீட்டுக்கு அனுப்பியதும் 'நடவடிக்கை எடுத்தாயிற்று' என்ற நிம்மதி மேலிடத்துக்கு வந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் ஆபத்து. ஆகஸ்டில், இந்தக் கப்பல்கள் அடங்கிய ஏழாம் கடற்படைப் பிரிவின் தலைவரையே நீக்கினார்கள். அதற்குள் 17 சவப்பெட்டிகள்.

இன்னொரு குறை, ஒரே தவறில் ஒரு வாழ்க்கைப்பணி முடிந்துபோவது. 1908 ஜூலையில், பிலிப்பைன்ஸின் பட்டாங்காஸ் துறைமுகத்தில் 'டிகேட்டர்' என்ற நாசகாரி சேற்றில் ஏறியது. அதை நடத்தியவர் 23 வயதே ஆன செஸ்டர் நிமிட்ஸ். இருக்குமிடத்தைத் துல்லியமாக அளக்காமல் குத்துமதிப்பாகப் போனார். ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் பார்க்கவில்லை. ராணுவ நீதிமன்றம் கண்டனத்தோடு விட்டது. 1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் பசிபிக் கடற்படையின் பொறுப்பு அவரிடம்தான் வந்தது. அன்று அவருக்கு நடந்தது முறையான விசாரணை. தன் தரப்பைச் சொன்னார், தண்டனை தவற்றின் அளவுக்கு இருந்தது, கற்றுக்கொள்ள வழி மிஞ்சியது. இன்று பெரும்பாலும் 'நம்பிக்கை இழந்துவிட்டோம்' என்ற ஒற்றை வரியில் கேப்டன் பதவி பறிபோகிறது. அந்த வரி எதையும் விளக்குவதில்லை. அடுத்த கப்பலின் கேப்டன் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

கேப்டனை விசாரிக்கட்டும், தேவையென்றால் நீக்கட்டும். வரைபடத்தைத் தயாரித்தவர், பயிற்சியைத் தள்ளிப்போட்டவர், ஓய்வில்லாமல் கப்பலை அனுப்பியவர் ஆகியோரைக் கேள்வி கேட்கும் தனி விசாரணையும் அதே நாளில் தொடங்கவேண்டும். அதைக் கடற்படைக்குக் கட்டுப்படாதவர்கள் நடத்தி, அறிக்கையை ஒளிக்காமல் வெளியிடவேண்டும். கார்டியனை வழிதவற வைத்த பிழை வேறொரு வரைபடத்தில் முன்பே கண்டுபிடித்துத் திருத்தப்பட்டிருந்தது; இந்த வரைபடத்தில் மட்டும் திருத்தவில்லை.