தானாய் முளைத்த மரங்கள்: காத்தல், கலைத்தல், பெயர்த்தல்

மானாவாரி நிலங்களில் யாரும் நடாமல், பறவையின் எச்சத்தாலும் கால்நடையின் சாணத்தாலும் வந்து முளைக்கும் மரக்கன்றுகளை அப்படியே விடுவதா, கலைப்பதா, பெயர்த்து நடுவதா என்பதை நில உரிமையாளர்கள் பெரும்பாலும் மரத்தின் இயல்பைக் கருதாமல் தம் வசதியைக் கொண்டே முடிவு செய்கின்றனர். இம்மூன்று வழிகளின் நிறைகுறைகளை எடைபோடக் கொங்கு நாட்டுக் கொறங்காடு நல்ல சான்றாகும்.

கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் நிலமே கொறங்காடு எனப்படும். காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்து வளரும் இந்நிலத்தில், உதிர்ந்த வெள்வேலங்காய்களை ஆடுகள் தின்ன, செரிக்காத விதைகள் புழுக்கையோடு விழுந்து அடுத்த மழைக்கு முளைக்கின்றன. விழுந்த இடத்திலேயே முளைத்த கன்றின் ஆணிவேர் தடையின்றி ஆழம் செல்வதால், தண்ணீர் ஊற்றாமலேயே அது கோடையைத் தாங்குகிறது என்பது காத்தலின் முதன்மையான நிறையாகும். சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கும் வேப்பவிதையும், காகமும் மைனாவும் பழத்தைத் தின்று வேலியோரத்தில் போடுகையில், புத்தம் புதிதாகவே மண்ணைச் சேர்கிறது.

ஆயினும் தானாய் வந்ததெல்லாம் நன்று என்னும் நம்பிக்கை பிழையானது. வெள்வேல் பரவும் அதே வழியில்தான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலமும் பரவுகிறது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் அம்மரத்தைக் கன்றிலேயே வேரோடு பிடுங்காவிட்டால், சில ஆண்டுகளில் மேய்ச்சல் நிலம் முட்காடாகிவிடும்.

கலைத்தல் என்பது நெருங்கி நிற்கும் கன்றுகளில் நலிந்தவற்றை நீக்கி, எஞ்சியவற்றுக்கு ஒளியும் ஈரமும் கிடைக்கச் செய்வதாகும். நிழல் அளவோடு விழுவதால் அடியில் புல்லும் தழைக்கும்; ஆனால் பெரிய மரங்களை மட்டும் நிறுத்திவிட்டு ஆண்டுதோறும் கன்றுகளையெல்லாம் அழித்தால், அவை மூத்துச் சாயும்போது அவற்றின் இடத்தை நிரப்ப இளமரம் இராது.

பெயர்த்து நடுதல் மனத்துக்கு ஆறுதல் தருவது. மரத்துக்கு அது எப்போதும் நன்மை செய்வதில்லை. பனையின் முளை முதலில் மண்ணுக்குள் ஆழ இறங்கிய பின்பே இலை வெளிவருவதால், ஓலை விட்ட வடலியைப் பெயர்ப்பது பெரும்பாலும் அதைக் கொல்வதாகவே முடியும். பக்கத்துச் செடிகளின் வேர்களிலிருந்து ஊட்டத்தை உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணியான சந்தனம், துணைச்செடி இல்லாத இடத்தில் தழைப்பதில்லை. மாறாக, போத்து நட்டாலே வேர்பிடிக்கும் ஆல் போன்றவை பெயர்ப்பைத் தாங்கும் இயல்புடையவை. ஆகவே கிணற்றுச் சுவரில் முளைத்த அவற்றை, சுவரைப் பிளப்பதற்கு முன்பே மழைக்காலத்தில் பெயர்த்து நடுவது தகும்.

ஆகவே நாட்டு மரமாயின் முளைத்த இடத்திலேயே காத்தலே முதல் தெரிவாகவும், பல வயது மரங்களும் நிலைக்குமாறு இளமையிலேயே கலைத்தல் அதற்குத் துணையாகவும், பெயர்த்தல் வேறு வழியற்ற இடத்துக்கு மட்டுமே உரியதாகவும் அமைய வேண்டும். மண்வெட்டியை எடுக்கும் முன் அக்கன்று இன்ன மரம் என்று அறிந்துகொள்வது நிலமுடையவரின் முதற்கடமை.