சந்திரலேகா: நடனமில்லாத ஆண்டுகளில் உருவான மேடை

சந்திரலேகாவின் கலைவாழ்வை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை இரண்டு துண்டாக்கி வைக்கிறார்கள். ஐம்பதுகளில் மேடையேறிய இளம் பரதநாட்டியக் கலைஞர் ஒரு துண்டு. 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பிவந்து நடன உலகைத் திடுக்கிட வைத்த, நரைத்த கூந்தலும் பெரிய சிவப்புப் பொட்டுமாக நின்ற இயக்குநர் இன்னொரு துண்டு. இடையில் புதிய நடனம் எதுவும் அமைக்காமல் கழிந்த பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுவது வழக்கம். அந்த ஆண்டுகளில் அவர் செய்தவற்றைச் சேர்த்துப் பார்க்காமல் அவருடைய பிற்கால மேடை விளங்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

1928இல் மகாராஷ்டிரத்தின் வாடாவில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நடனம் கற்கச் சென்னைக்கு வந்தார். கவிஞர் ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயாவின் நட்பு அவருக்குக் கவிதையையும் நாடகத்தையும் அருகில் கொண்டுவந்தது. ஆசான் காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளை, பாலசரஸ்வதிக்கு நட்டுவாங்கம் செய்தவர். சந்திரலேகா வந்து இறங்கிய சென்னையில் சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்துவிட்டிருந்தது. ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா வேரூன்றியிருந்தது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. ஒரு கலை கைமாறிக்கொண்டிருந்த நேரம் அது. வெளியூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி பரம்பரை நட்டுவனாரிடம் நேரடியாகப் பாடம் கேட்க முடிந்ததும், அதே ஊரில் பாலசரஸ்வதியையும் ருக்மிணி தேவியையும் பார்த்து வளர முடிந்ததும் அந்தக் காலத்தின் கொடை.

அவருடைய அரங்கேற்றம் 1952இல் நடந்தது. ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. ‘மதுரா நகரிலோ’ பாடலுக்கு அபிநயம். யமுனையில் நீர் அள்ளித் தெளித்து விளையாடும் பெண்களைக் கைகளால் காட்டிக்கொண்டிருந்தபோது, பத்திரிகைகளில் பார்த்திருந்த வெடித்த நிலமும் தண்ணீருக்கு நிற்கும் மக்களும் கண்முன் வந்து தன்னை நிறுத்திவிட்டதாகப் பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். இந்த நிகழ்வை அவருடைய சமூக உணர்வுக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் தெரிவது கலை பற்றிய ஒரு கறாரான கேள்வி. முத்திரைகள் பிசகவில்லை, தாளம் தவறவில்லை. ஆனாலும் கை காட்டும் நீருக்கும் வெளியே இல்லாத நீருக்கும் நடுவே ஆடுபவரின் உடல் எங்கே நிற்கிறது? பிறகு அவர் செய்த எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி தொடர்கிறது.

1960இல் ‘தேவதாசி’, 1972இல் நடனக் கலைஞர் காமதேவுடன் ‘நவக்கிரக’. அதற்குப்பின் நடனம் நின்றது. அந்த இடைக்காலத்தில் எழுதினார், சுவரொட்டிகள் வரைந்தார், வடிவமைப்பாளர் தசரத் படேலோடு கண்காட்சிகள் அமைத்தார். இதழாளர் சதானந்த் மேனனோடு ‘ஸ்கில்ஸ்’ என்ற அமைப்பின் வழியாகப் பெண்கள் இயக்கங்களோடும் மனித உரிமை இயக்கங்களோடும் வேலை செய்தார். அரசு அதைக் கவனிக்காமல் இல்லை. 1982இல் இருவர் மீதும் ராஜத்துரோக வழக்குப் பாய்ந்தது, பின்னர் கைவிடப்பட்டது.

சுவரொட்டி வரைகிறவருக்கு இடம் குறைவு. தெருவில் நடந்து போகிறவர் நின்று வாசிக்க மாட்டார். ஒரு கோடு, ஓர் உருவம், சுற்றிலும் வெற்றிடம். அதற்குள் சொல்ல வந்தது முழுதும் சேர வேண்டும். இந்தப் பழக்கத்தோடு ஒருவர் பரதநாட்டிய மேடையைத் திரும்பிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அங்கே குவிந்து கிடக்கும் உபரிதான். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், மேடை மூலையில் நடராஜர் சிலை, ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் ஒலிபெருக்கியில் ஒரு கதைச் சுருக்கம். இவை எல்லாவற்றையும் அவர் எடுத்தார். எஞ்சியது அரைமண்டி, அடவு, தரையில் உடல் வரையும் முக்கோணமும் வட்டமும். எளிய பருத்திச் சேலை கட்டிய பெண்கள் ஒரு கோட்டில் நின்று தட்டடவு போடும்போது நமக்குத் தெரிவது ஒரு வரைபடம். அந்தக் கண்ணை அவருக்குக் கொடுத்தவை நடனமில்லாத ஆண்டுகள். அவருடைய படைப்புகளுக்கு ஒளியமைத்தவர் சதானந்த் மேனன் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சுவரொட்டிக் காலத்துத் தோழமை அப்படியே மேடைக்கு வந்தது.

1984இல் பம்பாயில், மாக்ஸ் முல்லர் பவனின் கியோர்க் லெக்னர் முயற்சியில் கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு நடந்தது. அங்கேதான் சந்திரலேகா மீண்டும் மேடைக்கு வந்தார். அடுத்த ஆண்டு ‘அங்கிகா’. பரதநாட்டியக் கலைஞர்களையும் களரிப்பயிற்று வீரர்களையும் ஒரே மேடையில் நிறுத்திய படைப்பு அது. தெய்வம் இல்லை, நாயகனுக்கு ஏங்கும் நாயகி இல்லை. விலங்கின் அசைவிலிருந்து போர்ப்பயிற்சிக்கும் அதிலிருந்து நடனத்துக்கும் உடல் எப்படி வந்து சேர்ந்தது என்பதே அதன் கதை. ‘நரவாகன’ பகுதியில் பெண் ஆணின் மேல் ஏறிச் செல்கிறாள். தெய்வங்களுக்கு வாகனம் தூக்கிப் பழகிய ஒரு பண்பாட்டில் அந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

தொடர்ந்து வந்தவற்றில் எல்லாமே ஒரே உயரம் என்று சொல்ல மாட்டேன். 1989இல் வந்த ‘லீலாவதி’ மகிழ்ச்சியான படைப்பு. இரண்டாம் பாஸ்கரரின் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித நூலிலுள்ள தேனீக்களும் தாமரைகளும் அடவுகளாகி, கணக்கும் தாளமும் பிரிக்க முடியாமல் கலக்கின்றன. ‘பிராண’ மூச்சையும் யோகாசனத்தையும் கோள்களோடு இணைத்தது. 1991இல் வந்த ‘ஸ்ரீ’ கடினமானது. முதுகெலும்பு முறிந்தவர்களைப் போல வளைந்த பெண்கள் மேடையைக் கடப்பதை நாம் நெடுநேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. நிமிர்வதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அதன் அரசியல். ‘யந்த்ர’, ‘மகாகால்’ ஆகியவற்றில் வேகம் மேலும் குறைந்தது. சில இடங்களில் கருத்து உடலைவிடக் கனத்துவிட்டது. 1998இன் ‘ராக’ இரண்டு ஆண்களுக்கு இடையே பெண்மையைத் தேடியது. பெண் விடுதலையின் பெயரால் அவரைக் கொண்டாடியவர்களிலும் சிலர் அங்கே தயங்கி நின்றார்கள்.

அவரோடு எனக்குள்ள வேறுபாடு அபிநயத்தில்தான். நாயகன், நாயகி, தோழி என்ற அமைப்பை அவர் விட்டதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. பக்திப் பூச்சு பூசி, சிருங்காரத்தை வெட்கத்தோடு ஒளித்துவைத்த சபா ரசனையை அவர் சகிக்கவில்லை. ஆனால் அந்த அமைப்பில் எழுந்த பதங்களுக்குள்தான் இசை வேளாளர் மரபுப் பெண்களின் தலைமுறை தலைமுறையான அறிவு இருந்தது. காதலைப் பற்றியும் ஏமாற்றத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும்கூட முகத்தின் சிறு அசைவில் பேசத் தெரிந்த அறிவு அது. பாலசரஸ்வதி உட்கார்ந்தபடியே ஒரு வரியைப் பத்து விதமாக விரிக்கும்போது அங்கே அடங்கிப்போன பெண் யாரும் இல்லை. எல்லப்பா பிள்ளையின் மாணவிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே அந்தக் கதவை அவர் மூடியது ஓர் இழப்பு என்றே கருதுகிறேன்.

2001இல் வந்த ‘சரீர’ இந்த வாதத்தைச் சிக்கலாக்குகிறது. குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை. மேடையில் ஒரு பெண், ஓர் ஆண். நெடுங்காலம் அதை ஆடியவர்கள் கவிஞர் திஷானி தோஷியும் களரி பயின்ற ஷாஜி ஜானும். திஷானி பரதநாட்டியம் பயின்று வந்தவர் அல்லர். ஏறக்குறைய ஒரு மணி நேரம், மிக மெதுவாக, கால்கள் விரிந்து முக்கோணமாகின்றன, முதுகு வளைகிறது, ஆண் அருகே வருகிறான், விலகுகிறான். பாட்டுக்குச் சொல்லில்லை, முகத்துக்குப் பாவமில்லை. ஆனால் முழுக்க முழுக்கச் சிருங்காரம். ‘அங்கிகா’வில் வெளியேற்றிய ரசம் பாடலையும் கதையையும் கழற்றிவிட்டு, எழுபதைத் தாண்டிய பெண்ணின் கற்பனையில் தொடையும் முதுகெலும்புமாகத் திரும்பி வந்திருக்கிறது. அவருடைய படைப்புகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

இந்திய மேடையில் பல கலைகளைச் சேர்த்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. உதய் சங்கர் 1948இல் வெளியான ‘கல்பனா’ திரைப்படத்தைச் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில்தான் எடுத்தார். மிருணாளினி சாராபாய் அகமதாபாதில் ‘தர்ப்பணா’வை நடத்தினார்; குமுதினி லாக்கியா அதே ஊரில் கதக்கைத் தனி ஆட்டத்திலிருந்து குழு ஆட்டமாக மாற்றினார். அவர்கள் பெரும்பாலும் சேர்த்துக்கொண்டே போனவர்கள்; சந்திரலேகா கழித்துக்கொண்டே போனவர். புதுச்சேரியில் ‘ஆதிசக்தி’யை நடத்திய வீணாபாணி சாவ்லா களரியையும் கூடியாட்டத்தையும் நடிகரின் மூச்சுப் பயிற்சியாக்கினார், சந்திரலேகாவுக்கு மிக அருகில் வைத்துப் பேச வேண்டியவர் அவர்தான்.

சந்திரலேகா பள்ளி எதையும் நிறுவவில்லை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையோரம் மரங்களுக்கு நடுவே இருந்த அவருடைய வீடே ஒத்திகைக் கூடமாகவும் அரங்கமாகவும் இருந்தது. 2006 டிசம்பர் 30 அன்று அவர் மறைந்த பிறகு ‘சரீர’ பல ஆண்டுகள் பல நாடுகளில் தொடர்ந்து ஆடப்பட்டது; இருவர் போதும் என்பதால் அது முடிந்தது. ‘அங்கிகா’வுக்கும் ‘ஸ்ரீ’க்கும் வருடக்கணக்கில் சேர்ந்து பயின்ற ஒரு குழு வேண்டும். ருக்மிணி தேவியின் நாட்டிய நாடகங்களைக் கலாக்ஷேத்ரா இன்றும் தன் மாணவர்களுக்குக் கற்பித்து மேடையேற்றுகிறது. சந்திரலேகாவின் குழுப் படைப்புகளுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. தொண்ணூறுகளில் அவரிடம் ஆடிய பத்மினி செட்டூர் பின்னர் தன் படைப்புகளில் ஆசிரியரின் மந்திரம், மண்டலம், சக்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். தோள்பட்டை எப்படித் திரும்புகிறது, பாரம் எந்தக் காலுக்கு மாறுகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். பார்ப்பவர்களுக்குச் சிரமமான, அலங்காரமே இல்லாத அந்த வேலை இன்றும் சென்னையில் நடக்கிறது.