நாற்காலி 2007இலும் இருந்தது

'நோயாளிகளின் பங்கேற்பு' என்ற சொல்லாடல் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. மருத்துவ வழிகாட்டு நெறிகளை எழுதும் குழுவில் கூடுதலாக இரண்டு நாற்காலி போட்டுவிட்டால் அதிகாரம் பகிரப்பட்டுவிடுமா? ஃபூக்கோவை இழுக்காமல் இதையெல்லாம் பேச முடியாதா என்று அலுத்துக்கொள்கிற நண்பர்களுக்காக, இழுக்காமலே பேசுகிறேன்.

எம்.இ. என்றும் நாட்பட்ட களைப்பு நோய் என்றும் சொல்லப்படுவதை எடுத்துக்கொள்வோம். பெயரே மோசடி, வெறும் களைப்பல்ல அது. சக்திக்கு மீறிக் கொஞ்சம் அசைந்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு சரிந்துவிடும். இங்கிலாந்தின் 'நைஸ்' நிறுவனம் 2007இல் வெளியிட்ட நெறி, லேசான, நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. 'செஞ்சு பார்த்தோம், படுத்த படுக்கையாயிட்டோம்' என்றார்கள் பலர். அது அனுபவமாம், ஆதாரம் இல்லையாம். 641 பேரைக் கொண்ட 'பேஸ்' ஆய்வு 2011இல் 'லான்செட்' இதழில் வந்தது. பயிற்சி பலன் தருகிறது, ஆபத்தில்லை என்றது. முடிஞ்சுது கதை!

முடியவில்லை. நோயாளிகள் அந்த ஆய்வைப் படுக்கையில் கிடந்தபடியே வரிவரியாகப் படித்தார்கள். உடலியக்க மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேரலாம். ஆனால் 60 எடுத்தாலே 'இயல்பு வரம்பு'. 65இல் சேர்ந்து 60க்கு இறங்கியவரும் அந்தக் கணக்கில் இயல்பானவர்! அதோடு, உழைப்புக்குப் பிந்திய அந்தச் சரிவு இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. அப்படியென்றால் எந்த நோயை ஆராய்ந்தார்கள்?

நோயாளிப் பிரதிநிதிகள் 2007 குழுவிலும் இருந்தார்கள். 2021இல் மாறியது நாற்காலியின் எண்ணிக்கை அல்ல, கேள்வி. சரிவு இல்லாமல் நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று புதிய குழு வரையறுத்தது. அந்த உரைகல்லில் உரசியதும், பயிற்சிக்குச் சாதகமான சான்றுகள் 'குறைந்த', 'மிகக் குறைந்த' தரம் என்றாகிவிட்டன. பயிற்சிப் பரிந்துரை நீக்கப்பட்டது.

உடனே வந்துவிடவில்லை. ஆகஸ்ட் 18இல் வெளியாக வேண்டிய நெறியை, மருத்துவ அமைப்புகளின் ஆட்சேபத்தையொட்டி, முந்தின நாள் நிறுத்திவைத்தார்கள். அக்டோபர் 29 வரை இழுத்தது. 2007 நெறியை அப்படி ஒருநாளாவது நிறுத்திவைக்க நோயாளிகளால் முடிந்ததா? இருட்டறையில், பக்கத்தில் ஆள் பேசும் சத்தத்தைக்கூடத் தாங்க முடியாமல் கிடப்பவர்களிடம் இந்தமுறை தனியாகக் கருத்துக் கேட்டார்கள். நல்லதுதான். ஆனால் கேட்டவர்கள் நெறியை எழுதப் போனார்கள். சொன்னவர்கள் அந்த அறையிலேயே கிடந்தார்கள்.