வழிப்போக்கனின் தீர்ப்பு

1

சதுரங்கத்தை மொழிக்கு உவமையாக்கியவர் பெர்டினாண்ட் டி சசூர். அவர் இறந்தபின், மாணவர்களின் குறிப்புகளைக் கொண்டு 1916-இல் வெளியான பொதுமொழியியல் பாடங்களில் இந்த உவமை வருகிறது. மரக்காய்க்குப் பதில் தந்தக்காய் வைத்தால் ஆட்டம் மாறாது. காய்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ குறைத்தாலோ ஆட்டத்தின் இலக்கணமே மாறிவிடும். ஒரு காயின் மதிப்பு அதற்குள் இல்லை, மற்றக் காய்களோடு அதற்குள்ள உறவில் இருக்கிறது. இதுவரை சரி. அடுத்து சசூர் இன்னும் ஒரு படி போகிறார். பலகையின் ஒரு நிலை தனக்கு முந்திய நிலைகளிலிருந்து விடுபட்டது என்கிறார். ஆட்டத்தை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்கும், நெருக்கடியான கட்டத்தில் வந்து எட்டிப்பார்க்கிற வழிப்போக்கனுக்கும் அந்த நிலையைப் பொறுத்தவரை வித்தியாசம் ஒன்றுமில்லையாம்.

அமைப்பியல் தமிழுக்கு வந்த 1980களிலிருந்து இந்த உவமையை நாம் கைமாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். பலகைப் பக்கம் போய் இது சரிதானா என்று பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தால் உவமை அங்கேயே இடறியிருக்கும். ராஜாவும் யானையும் தத்தம் கட்டத்தில் நிற்கின்றன, கோட்டை கட்டலாமா? வழிப்போக்கனுக்குத் தெரியாது. ராஜா ஒருதடவை நகர்ந்து திரும்பி வந்திருந்தால் அந்த உரிமை போயிற்று. பக்கத்துச் சிப்பாயை 'ஆன் பஸான்' முறையில் வெட்டலாமா என்பது அது சற்றுமுன்தான் இரண்டு கட்டம் தாண்டி வந்ததா என்பதைப் பொறுத்தது. ஒரே நிலை மூன்றாம் தடவை வந்தால் சமன் கோரலாம். சிப்பாய் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் ஐம்பது நகர்த்தல்கள் போனாலும் கோரலாம். இவை எதுவும் பலகையைப் பார்த்தால் தெரியாது. கண்முன் உள்ள நிலைக்குள் கடந்தகாலம் சட்டமாகவே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு இடறலை சசூரே ஒத்துக்கொண்டார். ஆடுபவர் ஒரு எண்ணத்தோடு காயை நகர்த்துகிறார், மொழி அப்படி எதையும் உத்தேசித்துச் செய்வதில்லை என்றார். ஆக வரலாறு, உத்தேசம் என்று இரண்டு விஷயங்கள் உவமைக்கு வெளியே விடப்பட்டன. நூறு வருஷம் கழித்து அந்த இரண்டையும் வெளியே விட்ட ஒரு வாசகர் சதுரங்கத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டார். அவரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

2

இன்று பெரிய ஆட்டம் எதை நேரலையில் பார்த்தாலும் பலகையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறி இறங்குகிறது, பக்கத்தில் ஒரு எண்ணோடு. கணிப்பொறி நிரல் ஒன்று அந்த நிலையை அளந்து போடும் எண் அது. பார்ப்பவர்கள் பலகையைவிடப் பட்டையைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். பட்டை விழுந்தால் 'போச்சு, சொதப்பிட்டான்' என்கிறார்கள். ஏன் போச்சு என்று கேட்டால், 'மெஷின் சொல்லுதே.'

மெஷின் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரலை எடுத்துக்கொள்வோம். திறந்த மூலம் கொண்டது. யாரும் எடுத்து ஆராயலாம். 2020 வரை அதன் மதிப்பீடு மனிதர்கள் எழுதிய விதிகளால் ஆனது. திறந்த வரிசையில் யானை நின்றால் இவ்வளவு, இரண்டு பிஷப்பும் கையில் இருந்தால் இவ்வளவு, ராஜாவுக்கு முன்னால் சிப்பாய் இல்லாவிட்டால் இவ்வளவு கழிவு என்று கணக்கு. அதாவது பழைய ஆசான்கள் புத்தகங்களில் எழுதிய விமர்சனக் கருத்துகள்தான் எண்களாக உள்ளே இருந்தன. 2020-இல் நரம்பணு வலைப்பின்னல் சேர்க்கப்பட்டது; சில ஆண்டுகளில் மனிதர் எழுதிய பகுதி முழுக்கவே நீக்கப்பட்டது. 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து 1.00 என்பதற்கு 'ஒரு சிப்பாய் கூடுதல்' என்று பொருள் இல்லை. அந்த நிலையிலிருந்து நிரல் தன்னோடு தானே ஆடினால் நூற்றுக்கு ஐம்பது ஆட்டம் வெல்லும் என்று பொருள்.

இதைக் கவனிக்க வேண்டும். திரையில் நாம் பார்க்கும் எண் அங்கே உட்கார்ந்து ஆடும் இரண்டு மனிதர்களைப் பற்றியது அல்ல. அவர்களை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இரண்டு இயந்திரங்களை உட்காரவைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியது. நடக்காத வேறொரு ஆட்டத்தின் முடிவை எடுத்து நடக்கிற ஆட்டத்தின்மேல் தீர்ப்பாக வைக்கிறார்கள். விதிப்படி தேவைப்படும் வரலாற்றை, கோட்டை கட்டும் உரிமையையும் ஐம்பதின் கணக்கையும், நிரல் வைத்துக்கொள்கிறது. ஆடுபவரின் வரலாறு அதற்கு வேண்டாம். சசூரின் வழிப்போக்கன் இவன்தான். இப்போது தீர்ப்பும் சொல்கிறான்.

3

அப்படியானால் முன்பு எல்லாம் ஒழுங்காக இருந்ததா? அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. முன்பு தீர்ப்பு பட்டங்களின் கையில் இருந்தது. ஆட்டக் குறிப்பில் ஒரு நகர்த்தலுக்குப் பக்கத்தில் கிராண்ட்மாஸ்டர் கேள்விக்குறி போட்டால் அது பிழை, ஆச்சரியக்குறி போட்டால் அருமை. எதிர்த்துக் கேட்டால் 'உன் ரேட்டிங் என்ன?' என்பார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குறிக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் சண்டை பிடிக்க முடிந்தது.

அப்படி ஒரு சண்டையிலிருந்துதான் சதுரங்கத்தின் நவீனத்துவமே பிறந்தது. ஜெர்மனியின் ஸீக்பெர்ட் டாராஷ் மையக் கட்டங்களைச் சிப்பாய்களால் பிடித்தாக வேண்டும் என்பதைச் சட்டம்போல எழுதிவந்தவர். ரீகாவில் பிறந்த ஆரோன் நிம்ஸோவிச் 1913-இல் வியன்னாவின் சதுரங்க இதழொன்றில் டாராஷின் புத்தகத்தைப் பிடித்து உலுக்கினார். மையத்தில் போய் உட்காராமல் தூரத்திலிருந்தே காய்களால் அதை ஆளலாம் என்பது அவர் கட்சி. 1925-இல் வந்த 'என் அமைப்பு' அந்தச் சண்டையின் விளைச்சல். தடுப்பு, முன்காப்பு, மிகைக்காப்பு என்று நாம் தமிழில் சொல்லிப்பார்க்கக்கூடிய கருத்தாக்கங்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. ஒரு சிறுபத்திரிகைச் சண்டைக்குரிய அத்தனை லட்சணமும் அதில் உண்டு: கிண்டல், கோபம், சுயதம்பட்டம் உட்பட.

இன்றைய நிரலிடம் டாராஷ் விரும்பிய தொடக்க நிலை ஒன்றையும் நிம்ஸோவிச் விரும்பிய நிலை ஒன்றையும் கொடுங்கள். இரண்டும் ஆடக்கூடியவைதான் என்று இரண்டு சின்ன எண்கள் கிடைக்கும். தகராறு தீர்ந்தது. ஆனால் எண்ணிலிருந்து ஒரு சொல்லும் பிறக்காது. விமர்சனத்தின் வேலை சரி தப்பு சொல்வதோடு முடிவதில்லை. கண்ணில் பட்டும் பெயரில்லாமல் கிடப்பதற்குப் பெயர் வைப்பதும் அதன் வேலைதான். டாராஷ் பல இடங்களில் தப்பு என்றே இருக்கட்டும்; அவருடைய தப்புக்கு ஒரு வாதம் இருந்தது, அந்த வாதத்தை எதிர்க்கப்போய் ஒரு புது மொழி உண்டாயிற்று.

அந்த மொழியிலும் சொற்களைக் குறைக்கும் முயற்சி ஒன்று நடந்ததைச் சொல்லவேண்டும். 1966-இல் பெல்கிரேடிலிருந்து அலெக்சாண்டர் மதனோவிச் 'இன்ஃபர்மேட்டர்' என்ற தொகுப்பைத் தொடங்கினார். எந்த மொழிக்காரரும் படிக்கும்படி, ஆட்டக் குறிப்பு முழுக்கச் சொல்லில்லாத குறியீடுகள். வெள்ளைக்குச் சற்று மேலான நிலை, ஒரே வழி, இழந்த காய்க்கு ஈடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. அவற்றில் எனக்குப் பிடித்தது ∞. கணிதத்தில் அது முடிவிலி. இன்ஃபர்மேட்டரில் அதற்குப் பொருள் 'தெளிவில்லை'. உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர் தன் ஆட்டத்துக்கே குறிப்பு எழுதும்போது ஒரு இடத்தில் ∞ போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். 'இதுக்கு மேல எனக்குத் தெரியல, நீங்க பாத்துக்குங்க' என்று அதற்கு அர்த்தம். வாசகன் உள்ளே நுழைவதற்கான கதவு அது. பட்டையில் இந்தக் குறி கிடையாது. அங்கே தெளிவின்மை என்பது 0.00-க்கு அருகில் ஏதோ ஒரு எண்ணாகிவிடுகிறது. உயிரற்ற சமனும், இரண்டு பக்கமும் தீப்பிடித்து எரியும் சமனும் ஒரே எண்ணைப் பெறுகின்றன.

4

1960-இல் மாஸ்கோவில் உலகப் பட்டத்துக்காக மிகாயில் போட்வினிக்கும் மிகாயில் டாலும் மோதினார்கள். ஆறாவது ஆட்டத்தின் 21-ஆவது நகர்த்தலில் கறுப்புக்கு ஆடிய டால் ஒரு குதிரையைப் பலி கொடுத்தார். அரங்கம் கொந்தளித்தது. சரியா, பைத்தியக்காரத்தனமா என்று ஆளாளுக்கு வாதாடிய சத்தம் தாங்காமல் ஆட்டத்தை உள்ளறைக்கு மாற்றவேண்டியதாயிற்று. டால் ஜெயித்தார். பிற்பாடு நடந்த ஆய்வுகளில் வெள்ளைக்கு மேலான பதில் இருந்தது தெரியவந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க அதைப் பலகையில் கண்டுபிடிக்க போட்வினிக்கால் முடியவில்லை.

இன்று அதே குதிரை பலியானால் ஒரு விநாடியில் பட்டை சாயும், அரங்கத்துக்கு விடை தெரிந்துவிடும். அப்புறம் எதற்கு வாதம்? அந்த மாஸ்கோக் கூட்டத்தின் சத்தத்தை நான் ஒரு கூட்டு வாசிப்பு என்றே சொல்வேன். அந்த அரங்கில் ஒருவருக்கும் விடை தெரியாது; அதனால்தான் அத்தனை பேருக்கும் பேச உரிமை இருந்தது. சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் நடந்த டால் சதுரங்கக் கழகம் அவர் பெயரையே தாங்கியிருந்தது. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடி வளர்ந்த இடம். அத்தகைய இடங்களில் ஆட்டம் முடிந்ததும் தோற்றவரும் ஜெயித்தவரும் உடனே எழுந்து போவதில்லை. காய்களைத் திரும்ப அடுக்கி, 'இங்க நீ குதிரையை எடுத்திருந்தா?' என்று தொடங்குவார்கள். ஆட்டக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் போஸ்ட்மார்ட்டம். எதிராளிகள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, தாங்கள் எழுதிய பிரதியை வாசிப்பது. இந்தப் பழக்கம் இன்னும் சாகவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் மெஷினில் போட்டால் தெரிந்துவிடுமே என்ற நினைப்பு பேச்சைப் பாதியில் அறுத்துவிடுகிறது.

5

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். பட்டப் போட்டியின் கடைசி, பதினான்காவது ஆட்டம். இருவருக்கும் ஆறரைப் புள்ளி. வெள்ளைக்கு ஆடிய டிங் லிரன் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் சமன் செய்யக்கூடிய நிலையில் இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள முன்வந்தார். பட்டை ஒரேயடியாக விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அது அந்தக் கணமே தெரியும். எதிரே இருந்த குகேஷுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது: 'பள்ளிக்கூடப் பையன்கூட இதைச் செய்யமாட்டான்.' பள்ளிக்கூடப் பையனிடம் பட்டையை மறைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தீர்களா? வெள்ளை பிஷப் பலகையின் மூலையில் மாட்டியிருந்தது. யானைகள் மாறியதும் கறுப்பு தன் பிஷப்பை எதிரே நிறுத்தி அதையும் மாற்றச் சொல்லும். தப்பிக்க மூலைவிட்டம் இல்லை. மிஞ்சும் சிப்பாய் ஆட்டத்தில் வெள்ளைக்குத் தோல்வி. இதுதான் காரணம். நான்கே வாக்கியம். ஆனால் இந்த நான்கு வாக்கியத்தை யாரும் தேடவில்லை. பிழை கிடைத்துவிட்டது, காரணம் எதற்கு? பிழைக்குப் பின்னால் பதின்மூன்று ஆட்டங்களின் சோர்வு இருந்தது. காய்களைக் குறைத்து வேகமாகச் சமனை அடைந்துவிடலாம் என்ற உத்தேசமும் இருந்திருக்கும். சசூர் வெளியே விட்ட அந்த இரண்டும்தான். அவற்றைச் சேர்த்து வாசித்தால் அந்த நகர்த்தல் கேலிக்குரியதாகத் தெரியாது, துயரமானதாகத் தெரியும். பட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துயரம் கிடைக்கவில்லை.

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு, நியாயமானது. இயந்திரம் வந்ததால்தானே பட்டம் இல்லாத ஒருவர், பயிற்சியாளருக்குக் காசு கொடுக்க வழியில்லாத ஒரு பெண், உலகச் சாம்பியனின் தவறைச் சுட்டிக்காட்ட முடிகிறது? பழைய பட்டங்களின் அதிகாரம் உடைந்தது நல்லதுதானே? நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் சுட்டிக்காட்டும்போது பேசுவது யார்? தன் காரணத்தைச் சொல்லிவிட்டு இயந்திரத்தை சாட்சிக்குக் கூப்பிட்டால் அவள் பேசுகிறாள். எண்ணை மட்டும் காட்டினால் அவள் வாயால் இயந்திரம் பேசுகிறது. பழைய எஜமானிடமிருந்து விடுபட்டு, முகமில்லாத புது எஜமானிடம் கைகட்டி நிற்பதை ஜனநாயகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

6

இதில் தமிழுக்கு என்ன வந்தது? இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தமிழ்நாட்டவர். 1961-இல் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் தொடங்கி, 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்தியது வரை பெருமைக்குக் குறைவில்லை. பெருமையைத் தமிழில் எழுதினோம், ஆட்டத்தை எழுதவில்லை. குகேஷ் ஜெயித்தபோது நான் படித்த தமிழ்ச் செய்திகளில் பரிசுத்தொகை இருந்தது, பாராட்டு விழா இருந்தது. மேலே சொன்ன நான்கு வாக்கியங்கள் இல்லை.

எழுதவும் சொல் இல்லை. ஒரே காயை ஒரு ஊரில் யானை என்கிறோம், இன்னொரு ஊரில் கோட்டை. மந்திரி என்றால் சிலருக்கு ராணியின் இடத்தில் நிற்கும் காய், சிலருக்கு பிஷப். காய்க்கே பெயர் நிலைக்காத மொழியில் முன்காப்பையும் மிகைக்காப்பையும் எப்படிப் பேசுவது? டாராஷும் நிம்ஸோவிச்சும் நடத்தியது மாதிரி ஒரு சண்டை தமிழில் நடக்காமலே போயிற்று. இனி நடக்கத் தேவையில்லை, எண்தான் இருக்கிறதே என்ற இடத்துக்கு நேராக வந்து சேர்ந்திருக்கிறோம். விமர்சனம் உருவாகும் முன்பே விமர்சனம் முடிந்துபோன நிலை.

இயந்திரத்தை அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நடக்கவும் நடக்காது. வரிசையை மாற்றலாம். ஒரு ஆட்டத்தை எடுத்து, முதலில் பட்டையில்லாமல் தமிழில் எழுதுவோம்: இவர் எதை எண்ணி இதை ஆடினார், எதைப் பார்க்கத் தவறினார், எந்த இடம் எனக்கு விளங்கவில்லை என்று. விளங்காத இடத்தில் தயங்காமல் ∞ போடுவோம். கீழே பெயர் போடுவோம். அதற்குப் பிறகு இயந்திரத்தைக் கேட்கலாம். அது நம்மைத் தப்பு என்று சொன்னால், ஏன் என்பதை மறுபடி நாம்தான் எழுதியாக வேண்டும்.