மொழிக்குறி வார்ப்புருக்களில் பிழைதிருத்தம்: விக்கிப்பீடியாவை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சொல்லோ தொடரோ எம்மொழிக்குரியது என்பதைக் கணினிக்கு அறிவிக்க விக்கிப்பீடியாவில் மொழிக்குறி வார்ப்புருக்கள் பயன்படுகின்றன. இவற்றில் நேரும் பிழைகளைத் திருத்தும் பணி, பிழைச்செய்தியை நீக்கும் அளவிலேயே பெரிதும் நின்றுவிடுகிறது. வடிவில் சரியாக அமைந்து பொருளில் தவறாக உள்ள குறிகள் எச்சோதனைக்கும் அகப்படாமல் நிலைத்துவிடுகின்றன. எழுத்தைக் கொண்டு மொழியைத் துணியும் திருத்தங்களோ சிறுபான்மை மொழிகளின் இருப்பையே மறைக்கக்கூடியவை. இத்திருத்தப் பணியைப் பதிப்பியல் நோக்கில் அணுக வேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: மொழிக்குறி, வார்ப்புரு, விக்கிப்பீடியா, பிழைதிருத்தம், பதிப்பியல், படகு, சௌராட்டிரம்

முன்னுரை

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் உள்ளடக்கம் குறித்தும் கலைச்சொல்லாக்கம் குறித்தும் ஆய்வுகள் வந்துள்ளன. பக்கத்தின் மேற்பரப்பில் தெரியாமல் அதன் அடியில் இயங்கும் வார்ப்புருக்களோ மொழியாய்வாளரின் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. அவை நிரலாளரின் வேலை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் மொழிக்குறி வார்ப்புரு என்பது 'இச்சொல் இம்மொழியினது' என்று அறுதியிட்டுச் சொல்லும் ஒரு கூற்று. அக்கூற்று மெய்யா பொய்யா என்பது மொழியியல் வினா. ஆதலின் அதனைத் திருத்தும் பணியும் மொழியாய்வாளரின் மதிப்பீட்டுக்கு உரியதாகிறது.

மொழிக்குறிகள் ரோமன் எழுத்துகளால் ஆனவை. இக்கட்டுரையில் அவற்றின் எழுத்துப் பெயர்கள் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன.

மொழிக்குறியின் பயன்

ஐ.எஸ்.ஓ. 639 என்னும் பன்னாட்டுத் தரம் மொழிகளுக்கு ஈரெழுத்து, மூவெழுத்துக் குறிகளை வழங்குகிறது. தமிழுக்குரிய ஈரெழுத்துக் குறி டி-ஏ. இக்குறிகளோடு எழுத்துமுறை, நாடு முதலியவற்றைக் காட்டும் உட்குறிகளைச் சேர்த்து எழுதும் நெறியை 2009இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5646 என்னும் ஆவணம் வகுத்துள்ளது. லத்தீன் எழுத்தில் பெயர்த்தெழுதிய தமிழ்த் தொடருக்கு டி-ஏ என்பதன்பின் லத்தீன் எழுத்துக்கான உட்குறியும், அரபு எழுத்தில் அமைந்த அர்வித் தமிழுக்கு அரபு எழுத்துக்கான உட்குறியும் சேர்க்கப்பட வேண்டும்.

இக்குறி வாசகர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எக்குரலில் படிக்க வேண்டும் என்பதை இதனைக் கொண்டே முடிவு செய்ய இயலும். சீன மொழிக்கும் சப்பானிய மொழிக்கும் ஒருங்குறியில் பொதுவாக உள்ள சில எழுத்துகளை எம்மொழி வடிவில் காட்டுவது என்பதை உலாவி தெரிந்துகொள்வதும் இதனால்தான். எழுத்துப்பிழை திருத்திகளுக்கும் மொழித்தரவகங்களைத் தொகுக்கும் நிரல்களுக்கும் இது வழிகாட்டி. குறி பிழைத்தால் பார்வையுள்ள வாசகருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தோன்றாது. இழப்பு பிறருக்கே. பிழை நெடுங்காலம் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிப்படும் பிழையும் மறைந்த பிழையும்

விக்கிமீடியத் தளங்களில் 2013 முதல் லுவா மொழியில் எழுதப்பட்ட நிரல்களை வார்ப்புருக்களுக்குள் பயன்படுத்தும் வசதி ஏற்பட்டது. அதன்பின் ஆங்கில விக்கிப்பீடியாவின் மொழிக்குறி வார்ப்புருக்கள், பயனர் இட்ட குறி பட்டியலில் உள்ளதா என்று சோதிக்கும் திறனைப் பெற்றன. பட்டியலில் இல்லாத குறி இடப்பட்டால் பிழைச்செய்தி தோன்றும். பக்கமும் பிழைகளுக்கான பராமரிப்புப் பகுப்பில் சேர்ந்துவிடும். துப்புரவுப் பணியில் ஈடுபடும் தன்னார்வலர்கள் அப்பகுப்பைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருத்துகின்றனர். இந்த ஏற்பாட்டின் பயன் மறுக்க முடியாதது. இது இல்லையெனில் எண்ணற்ற பிழைகள் இருக்குமிடம் தெரியாமல் கிடந்திருக்கும்.

ஆயின் இச்சோதனை, குறி இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. அது பொருந்துகிறதா என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டு வாகனப் பதிவெண்களில் காணும் டி-என் என்னும் சுருக்கத்தை ஒருவர் தமிழுக்குரிய குறி எனக் கருதி இட்டுவிட்டார் எனக் கொள்வோம். டி-என் என்பது தென்னாப்பிரிக்கப் பகுதிகளில் வழங்கும் செட்சுவானா மொழியின் குறி. பட்டியலில் அது உள்ளமையால் நிரல் அதனை ஏற்றுக்கொள்ளும், பிழைச்செய்தி வாராது. கருநாடகத்தை எண்ணிக் கே-ஏ என்று இட்டால் அது சார்சிய மொழியைக் குறிக்கும். கன்னடத்துக்குரியது கே-என். கேரளத்தை எண்ணிக் கே-எல் என்று இட்டால் அது கிரீன்லாந்து மொழியாகும். மலையாளத்துக்குரியது எம்-எல். சுவீடன் நாட்டின் குறியாகிய எஸ்-ஈ என்பதை மொழிக்குறியாக இட்டால் சுவீடிய மொழிக்கு மாறாக வடசாமி மொழி சுட்டப்படும். சுவீடிய மொழிக்குரியது எஸ்-வி. மாறாக, இலங்கையின் நாட்டுக்குறியாகிய எல்-கே எம்மொழிக்கும் உரியதன்று. ஆதலின் அது உடனே பிடிபடும்.

இங்கு ஒரு முரண் காணப்படுகிறது. முற்றிலும் பொருளற்ற குறி எளிதில் திருத்தப்படுகிறது. வேறொரு மொழியைத் தவறாகச் சுட்டும் குறி பிழையற்றது என்ற தகுதியைப் பெறுகிறது. பராமரிப்புப் பகுப்பு வெறுமையாவதைப் பணி நிறைவின் அடையாளமாகக் கொள்வது இதனால் பொருந்தாது. அன்றியும் பகுப்பை விரைவாக வெறுமையாக்க வேண்டும் என்ற முனைப்பு, வெளிப்படையான பிழையை மறைந்த பிழையாக மாற்றிவிடவும் கூடும். எல்-கே என்ற குறியைக் காணும் திருத்துநர் உள்ளிருக்கும் சொல்லைப் படிக்காமல் சிங்களத்துக்குரிய எஸ்-ஐ குறியை இடுகிறார் எனில், அச்சொல் தமிழாக இருக்கும்பொழுது செய்தி மறைகிறது, பிழை நிலைக்கிறது. முன்பு அதனைச் சுட்டிக்காட்டிய ஒரே அடையாளமும் அழிந்துவிடுகிறது.

எழுத்தும் மொழியும்

மறைந்த பிழைகளைக் காண எளிய வழியொன்று உண்டு. குறி சுட்டும் மொழி வழக்கமாக எவ்வெழுத்தில் எழுதப்படுகிறது என்பதையும், உள்ளிருக்கும் எழுத்துகள் ஒருங்குறியின் எப்பகுதியைச் சேர்ந்தவை என்பதையும் ஒப்பிடலாம். செட்சுவானா லத்தீன் எழுத்தில் எழுதப்படுவது. அக்குறியின்கீழ்த் தமிழ் எழுத்துகள் இருப்பின் ஐயுற வேண்டும். இவ்வொப்பீட்டைத் தானியங்கி வாயிலாகச் செய்வது எளிது.

ஐயத்தை எழுப்புவதற்கு இம்முறை தகுந்தது, முடிவெடுப்பதற்குத் தகாதது. தமிழ் எழுத்தில் இருப்பவை அனைத்தும் தமிழாகா. மதுரையிலும் பிற ஊர்களிலும் வாழும் சௌராட்டிரர் தம் இந்தோ ஆரிய மொழியைத் தமிழ் எழுத்திலும் எழுதுகின்றனர். அம்மொழிக்கெனத் தனி எழுத்து உண்டு. அது 2008இல் ஒருங்குறியில் இடம்பெற்றது. நீலகிரியில் வழங்கும் படகு மொழியும் தமிழ் எழுத்தில் எழுதப்படுகிறது. சௌராட்டிரத்துக்கு எஸ்-ஏ-இசட், படகுக்குப் பி-எஃப்-கியூ, இருளுக்கு ஐ-ஆர்-யூ, தோடாவுக்கு டி-சி-எக்ஸ், கோத்தாவுக்குக் கே-எஃப்-ஈ எனத் தனித்தனிக் குறிகள் உள்ளன.

இக்கட்டுரையாளரின் சொந்தப் பிழையொன்றை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். ஊர்ப்பெயர்கள் பற்றிய பக்கங்களில் திருத்தம் செய்து வந்தபொழுது, தமிழ் எழுத்தில் அமைந்த ஒரு தொடர் படகு மொழிக்குறியின்கீழ் இருக்கக் கண்டு, அது கைப்பிழை எனக் கருதித் தமிழ்க்குறியை இட்டதுண்டு. நீலகிரியைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் அத்தொடரைப் படித்துக் காட்டி, அது தம் வீட்டுமொழி என்று கூறிய பின்னரே தவறு புலப்பட்டது. அத்திருத்தம் எப்பிழைச்செய்தியையும் தோற்றுவிக்கவில்லை. எவரும் மறுக்கவும் இல்லை. முன்பு சரியாக இருந்த குறியைத் தவறாக்கிய செயல், பங்களிப்புப் பட்டியலில் 'பிழைதிருத்தம்' என்றே பதிவாகியிருந்தது.

ஒரு சொல்லில் நேர்ந்த இத்தவறு தானியங்கியின் விதியாகிவிட்டால், தமிழ் எழுத்தில் எழுதப்படும் பிறமொழிகள் அனைத்தும் ஒரே நாளில் தமிழாகிவிடும். எழுத்துப் பதிவு குறைவாக உள்ள மொழிகளுக்கு இணையத்தில் கிடைக்கும் ஒவ்வொரு தொடரும் மதிப்புடையது. குறி அழிந்தால் தரவகம் தொகுப்போர் அத்தொடரைக் கண்டறியும் வழியும் அடைபடும். ஆங்கிலத்தின் ஆதிக்கத்தால் தமிழ்த்தரவு மறைவதைக் கண்டிக்கும் நாம், தமிழின் பெயரால் அண்டை மொழிகளின் தரவு மறைவதைப் பொருட்படுத்தாதிருத்தல் முறையன்று.

துணிதற்கரிய இடங்கள்

சில இடங்களில் சரியான குறி எது என்பதே விவாதத்துக்குரியது. தொல்காப்பிய எச்சவியல் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கிறது. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வருவதே அந்நூல் ஏற்கும் வடசொல். இதன்படி தமிழ்த் தொடருக்குள் தற்பவமாக வரும் சொல் தமிழ் வழக்கின் பகுதி. அதற்குச் சமற்கிருதக் குறி இடுதல் வேண்டா. அதே பக்கத்தில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட சமற்கிருதச் சுலோகம் முழுமையாகப் பிறமொழித் தொடர். அதற்குச் சமற்கிருதக் குறியும் தமிழ் எழுத்துக்கான உட்குறியும் வேண்டும். இணைய அணுக்கத்துக்கென 2008இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 நெறியும், சூழ்ந்துள்ள மொழியின் வழக்கில் கலந்துவிட்ட சொற்களுக்குத் தனிக்குறி தேவையில்லை என்று விலக்களிக்கிறது. காலத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இவ்விரண்டும், சொல்லின் பிறப்பைக் காட்டிலும் அது வழங்கும் முறையைக் கருதுவதில் ஒன்றுபடுகின்றன.

சங்கச் செய்யுளுக்கு எக்குறி இடுவது என்பதும் இத்தகையதே. ஐ.எஸ்.ஓ. 639இன் மூன்றாம் பகுதியில் பழந்தமிழுக்கென ஓ-டி-ஒய் என்ற குறி உண்டு. வரலாற்று மொழியியலார்க்கு அது பயன்படும். திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும் மாணவருக்கோ பழந்தமிழுக்கெனத் தனிக்குரல் அமையாத நிலையில் டி-ஏ என்ற குறியே உதவும். இரண்டுக்கும் தக்க காரணம் உண்டு. உரையாடல் இன்றி ஒன்றை மற்றொன்றாக ஒட்டுமொத்தமாக மாற்றுவதே ஏற்கத்தகாதது.

மொழி இன்னதென அறியவே இயலாத இடமும் உண்டு. அதற்கென யூ-என்-டி என்ற குறியைத் தரமே வழங்கியுள்ளது. ஊகத்தால் ஒரு மொழிப்பெயரை இடுவதினும் இது நேர்மையானது.

பதிப்பியல் தரும் பாடம்

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் இத்தகைய சிக்கலை முன்னரே எதிர்கொண்டனர். சுவடியில் காணும் வடிவம் எழுதினோர் பிழையா, அறியப்படாத வழக்கா என்பதை ஆராயாமல் திருத்தினால் மூலம் கெடும். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்தமையால் பின்வந்தோர் அவர்தம் முடிவையும் மறுஆய்வு செய்ய முடிந்தது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு உண்டு; ஒவ்வொரு தொகுப்புக்கும் சுருக்கம் எழுத இடமும் உண்டு. பதிப்பாசிரியர்கள் அரிதின் முயன்று உருவாக்கிய வசதி இங்கு இயல்பாகவே அமைந்துள்ளது. ஆனால் 'பிழை நீக்கம்' என்ற இரு சொற்களோடு முடியும் சுருக்கம் காரணத்தைக் கூறுவதில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் இச்சிக்கலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. வார்ப்புருக்கள் பல ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து பெறப்பட்டவை. வார்ப்புருவை மட்டும் கொணர்ந்து அது சார்ந்த நிரலைக் கொணராவிடில் பக்கத்தில் லுவா பிழை தோன்றுகிறது. ஆங்கிலப் பக்கத்திற்கெனத் 'தமிழ்:' என்ற முன்னொட்டுடன் அமைந்த வார்ப்புரு, மொழிபெயர்ப்பில் அப்படியே தங்கினால், தமிழ்க் கட்டுரைக்குள் தமிழ்ச்சொல் அயற்சொல்போல் அறிமுகம் செய்யப்படுகிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே இருந்த இவ்வகை வார்ப்புருக்கள் 2024இல் ஒரே வார்ப்புருவுக்கு மாற்றப்பட்டன. மூலத்தளத்தில் நிகழும் இத்தகைய மாற்றங்களைத் தொடர்ந்து கவனிக்கவும் ஆள் வேண்டும்.

இவற்றை நோக்குமிடத்துப் பின்வரும் நெறிகளை முன்வைக்கலாம். தானியங்கி ஐயத்துக்குரிய இடங்களைப் பட்டியலிடட்டும். குறியை மாற்றும் முடிவை அம்மொழி அறிந்தோர் எடுக்கட்டும். மாற்றத்தின் காரணம் தொகுப்புச் சுருக்கத்திலோ பேச்சுப் பக்கத்திலோ பதிவாக வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதப்படும் பிறமொழிகளின் குறிகளை ஒரு பட்டியலாக்கித் திருத்துநர் கண்ணில் படுமாறு வைத்தல் வேண்டும். பழந்தமிழ், வடசொல் போன்றவற்றுக்குச் சமூகம் உரையாடி ஒரு வழக்கை வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

மொழிக்குறியைத் திருத்துவோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்கள்மேல் குறைகாண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நிரலால் அறிய முடிவதையே பிழை என்று வரையறுத்துக்கொண்ட பணிமுறையே இங்குத் திறனாய்வுக்கு உள்ளாகிறது. நிரல் அறியாத இடத்தில் மொழி அறிந்தோர் தேவைப்படுகின்றனர். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளிலும் மொழியியல் துறைகளிலும் படகும் சௌராட்டிரமும் இருளும் பேசும் மாணவர்கள் பயில்கின்றனர். அவர்களை இப்பட்டியல்களின் முன் அமர்த்துவது பெருஞ்செலவு தரும் செயலன்று. ஒரு பருவத்தின் பயிற்சிப் பணியாகவே இதனைத் தொடங்கலாம்.