கேட் சோபினின் ‘ஒரு மணிநேரக் கதை’: முரண்நகையும் தன்னுரிமையும்

அமெரிக்க எழுத்தாளர் கேட் சோபின் (1850–1904) இயற்றிய ‘ஒரு மணிநேரக் கதை’, ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் சொற்களே கொண்ட சிறுகதையாகும். 1894 ஏப்ரலில் எழுதப்பெற்று, அவ்வாண்டு டிசம்பரில் ‘வோக்’ இதழில் ‘ஒரு மணிநேரக் கனவு’ என்னும் தலைப்புடன் வெளிவந்தது. ஆசிரியர் மறைந்தபின் நெடுங்காலம் பெரிதும் பேசப்படாதிருந்த அவர்தம் படைப்புகள், பேர் சேயர்ஸ்டெட் என்பார் 1969-இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே மீண்டும் பரவலாக ஆராயப்பெற்றன. இக்கதையின் இறுதியில் அமைந்த முரண்நகையைப் பலரும் பாராட்டுவர். அது கதையின் முடிவில் மட்டும் நிற்பதா, கதை முழுவதும் ஊடுருவி நிற்பதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முரண்நகை வேறு, அங்கதம் வேறு. அங்கதம் பிறரைப் பழித்துரைப்பது. முரண்நகையோ, தோற்றத்திற்கும் உண்மைக்கும் இடையிலுள்ள மாறுபாட்டைக் காட்டி, பழிக்காமலே உணர்த்துவது. சோபின் தம் கதையில் எவரையும் பழித்தாரல்லர்.

திருமதி மல்லார்டு நெஞ்சுநோய் உடையவர். கணவர் பிரென்ட்லி புகைவண்டி விபத்தில் இறந்தார் என்னும் செய்தியைத் தங்கை ஜோசபின் குறிப்பாகத் தெரிவிக்கிறாள். உடனே கதறியழுத அப்பெண், பின்னர்த் தனியறை புகுந்து திறந்த பலகணியின் எதிரே அமர்கிறாள். மரங்களும் மழைமணமும் குருவிகளும் மேகங்களினூடே தோன்றும் நீலவானும் அவளை நோக்கி ஏதோ ஒன்றைக் கொண்டுவருகின்றன. அது விடுதலையுணர்ச்சி எனக் கண்டு முதலில் தடுக்க முயல்கிறாள், இயலவில்லை. இறுதியில் விபத்து நிகழ்ந்ததையே அறியாத கணவர் வாயிற்கதவைத் திறந்து உள்ளே வருகிறார். அவள் வீழ்ந்து இறக்கிறாள்.

கணவரின் நண்பர் ரிச்சர்ட்ஸ் இரண்டாம் தந்தி வரும்வரை காத்திருந்து செய்தியை உறுதிசெய்து கொள்கிறார். அங்ஙனம் உறுதிசெய்யப்பட்டதே பொய்யாகிறது. அவள் நெஞ்சைக் காக்க முதலில் விரைந்த அவரே, இறுதியில் கணவரை அவள் கண்ணினின்றும் மறைக்க விரைகிறார். அது பயனற்றுப் போகிறது. பூட்டிய கதவுக்கு வெளியே மண்டியிட்டு, அக்காள் நோயுறுவாளென அஞ்சி இரங்குகிறாள் ஜோசபின். உள்ளே அவளோ வாழ்வின் இனிமையைப் பருகிக்கொண்டிருக்கிறாள். நேற்றுவரை நெடிய வாழ்வை எண்ணி நடுங்கியவள், இன்று நெடுநாள் வாழ வேண்டுகிறாள். அவ்வேண்டுதலுக்குப்பின் அவள் வாழ்வது சிறுபொழுதே. முரண்நகை கதையின் தொடக்கம் முதலே ஓடுகின்றது என்பது இவற்றால் விளங்கும்.

கணவரின் இறப்பில் மகிழும் பெண் அன்பற்றவள் அன்றோ என வினவலாம். அவளது தன்முனைப்பைக் குறையாகக் காணும் திறனாய்வாளரும் உளர். அவர்தம் கருத்து முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. அவள் மகிழ்ச்சி சிறுபொழுதில் மிகுந்தெழுவது உண்மை. ஆயினும் பிரென்ட்லி கொடியவர் அல்லர். அன்போடன்றித் தன்னை நோக்காத முகம் அவருடையது என அவளே நினைந்து, அவருடலைக் காணும்போது மீண்டும் அழுவேன் என்றும் அறிகிறாள். அவள் வெறுப்பது கணவரை அன்று. ஒருவர் விருப்பத்தை மற்றவர் வளைக்கலாம் என்னும் உரிமையை. ஆடவரும் பெண்டிரும் இருபாலாரும் அவ்வுரிமையைக் கொண்டாடுகின்றனர் எனவும், நன்னோக்கத்தால் செய்யினும் அது குற்றமே எனவும் அவள் எண்ணுகிறாள். கணவரைக் கொடியவராகப் படைத்திருப்பின் கதை ஒரு தனிமனிதரின் குற்றத்தைச் சொல்வதாகச் சுருங்கியிருக்கும். நல்லவராகப் படைத்தமையால் திருமண உறவின் இயல்பே வினாவிற்கு உள்ளாகிறது.

பெயராட்சியும் இங்கு நோக்கத்தக்கது. தொடக்கத்தில் அவள் கணவர் பெயரால் ‘திருமதி மல்லார்டு’ எனப்படுகிறாள். அறைக்குள் விடுதலையை உணர்ந்த பின்னரே ‘லூயிஸ்’ என்னும் அவள் பெயர் தங்கை வாயிலாக ஒலிக்கிறது. கணவர் திரும்பிய கணத்தில் ஆசிரியர் அவளை அவர் ‘மனைவி’ என்றே குறிக்கிறார். தன்பெயரோடு அவள் நின்ற இடம் பூட்டிய அறை ஒன்றே.

மகிழ்ச்சி மிகுதியால் நெஞ்சு நின்றது என்பது மருத்துவர் முடிவு. மகிழ்ச்சி என்னும் அச்சொல் முன்னரே அறைக்குள் வந்தது. தன்னைப் பற்றிய மகிழ்ச்சி கொடியதோ என்று கேட்கவும் அவள் நிற்கவில்லை. மருத்துவர் கருதியது கணவரைக் கண்ட மகிழ்ச்சி. படிப்போர் அறிவது அம்மகிழ்ச்சி பறிபோனதை. அறையினுள் நிகழ்ந்ததை அறிந்த மாந்தர் எவரும் கதையில் எஞ்சவில்லை. ஆதலின் மருத்துவரின் பிழையைத் திருத்துவார் அங்கு இல்லை. அவ்வுண்மையை அறிந்தோர் படிப்போர் மட்டுமே. முரண்நகையின் வழியே தன்னுரிமைக்கு ஆசிரியர் வைத்த சான்று இதுவே என்பது நம் கருத்து.